பேசுவாரற்ற மொழியில் ஒரு வாக்கு: தென்னாப்பிரிக்க அரசு இலச்சினையை வாசித்தல்

1. கேள்வி

2000ஆம் ஆண்டு ஏப்ரல் 27 அன்று தென்னாப்பிரிக்கா தொண்ணூறு ஆண்டுப் பழைமையான தன் அரசு இலச்சினையை விலக்கிவிட்டுப் புதியதொன்றை ஏற்றுக்கொண்டது. குவாகாஃபொன்டெய்ன் என்ற ஊரில் நடந்த விழாவில் அதிபர் தாபோ எம்பெக்கி அதை அறிமுகப்படுத்தினார். அந்த நாள் யோசித்துத் தேர்ந்த நாள். ஆறாண்டுகளுக்கு முன், 1994இல், அதே தேதியில்தான் அந்நாட்டு மக்கள் நிறவேறுபாடின்றி வாக்குச்சாவடிகளின் முன் முதன்முதலாக வரிசையில் நின்றார்கள்.

புதிய இலச்சினையின் அடிப்பகுதியில் ஒரு பச்சை நாடா. அதில் வெள்ளை எழுத்துகளில் நான்கு சொற்கள். ‘வேறுபட்ட மக்கள் ஒன்றுகூடுகிறார்கள்’ என்பது அவற்றின் பொருள். எழுதப்பட்டிருக்கும் மொழி ஃகாம். கரூ எனப்படும் வறண்ட உள்நிலத்தில் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழ்ந்த சான் மக்களின் ஒரு பிரிவினர் பேசிய மொழி அது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வழக்கொழிந்துவிட்டது. அந்த நான்கு சொற்களையும் தாய்மொழியாய் உச்சரிக்கக்கூடிய ஒருவர்கூட இன்று உலகில் இல்லை.

இக்கட்டுரை எழுப்பும் கேள்வி இதுதான்: ஒரு குடியரசு தன் மக்களின் ஒற்றுமையை அறிவிக்க, தன் நிலத்தில் அழிக்கப்பட்ட ஒரு மக்களின் மொழியைத் தேர்வதன் பொருள் என்ன? அது நினைவுகூரலா, கையகப்படுத்தலா? இரண்டு விடைகளுக்கும் சான்றுகள் உள்ளன. அவற்றை எடைபோட்டுப் பார்க்கையில், இலச்சினையின் பொருள் வரைபடத்துக்குள் முடிந்துவிடவில்லை என்பதும், அதை வெளியிட்ட அரசின் பிந்தைய நடத்தையே அதன் பொருளை எழுதிக்கொண்டிருக்கிறது என்பதும் தெளிவாகும் என்று கருதுகிறேன்.

2. 1910: யாருடைய ஒற்றுமை?

புதியதை அறிய முதலில் பழையதைப் பார்க்க வேண்டும். 1899 முதல் 1902 வரை நடந்த ஆங்கிலேய–போயர் போருக்குப் பின், நான்கு குடியேற்றப் பகுதிகளை இணைத்து 1910 மே 31 அன்று தென்னாப்பிரிக்க ஒன்றியம் உருவானது. அதே ஆண்டு செப்டம்பர் 17 அன்று பிரித்தானிய அரச ஆணையின் வழியே அதற்கு ஓர் இலச்சினை வழங்கப்பட்டது. ஐரோப்பிய மரபுப்படி நடுவில் ஒரு கேடயம். அது நான்காகப் பகுக்கப்பட்டிருந்தது. நன்னம்பிக்கை முனைக்கு நங்கூரத்தோடு நிற்கும் பெண், நட்டாலுக்கு ஓடும் இரு வில்டபீஸ்ட் விலங்குகள், ஆரஞ்சு சுதந்திர நாட்டுக்கு ஆரஞ்சு மரம், டிரான்ஸ்வாலுக்குக் குடியேறிகளின் மூடுவண்டி. இருபுறமும் ஸ்பிரிங்பாக் மானும் ஓரிக்ஸ் மானும் தாங்கி நிற்க, உச்சியில் ஒரு சிங்கம் நான்கு கோல்களைக் கட்டாகப் பிடித்திருந்தது. கீழே லத்தீனில், ஒற்றுமையிலிருந்தே வலிமை என்ற பொருள்படும் வாசகம்.

சிங்கத்தின் கையிலிருந்த கோல்கள் நான்கே என்பது கவனத்துக்குரியது. அவை நான்கு குடியேற்ற அரசுகள். அந்த நிலத்தின் பெரும்பான்மை மக்கள் அவற்றுள் எண்ணப்படவில்லை. ஒன்றியச் சட்டம் கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் புறக்கணிப்பதை எதிர்த்து 1909இல் டபிள்யூ.பி. ஷ்ரைனர் தலைமையில் ஒரு தூதுக்குழு லண்டன் சென்றது. ஜான் டெங்கோ ஜபாவு, வால்டர் ருபுசானா, அப்துல்லா அப்துராமான் ஆகியோர் அக்குழுவில் இருந்தனர். அவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். நான்காண்டுகள் கழித்து, 1913இன் நிலச்சட்டம் கறுப்பினத்தவர் நிலம் வாங்கும் உரிமையை நாட்டின் ஒரு சிறு பகுதிக்குள் அடைத்தது. ஆக, 1910இன் இலச்சினை பேசிய ஒற்றுமை, போரில் மோதிக்கொண்ட இரு வெள்ளையினத்தார் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடு. அந்த இலச்சினை பொய் சொல்லவில்லை. யாரெல்லாம் தேசம், யாரெல்லாம் இல்லை என்பதை அது துல்லியமாகவே சொன்னது. கேடயத்தில் பெண் உண்டு, விலங்கு உண்டு, மரம் உண்டு, வண்டி உண்டு. ஆப்பிரிக்க மனிதர் மட்டும் இல்லை.

3. புதிய இலச்சினையின் உறுப்புகள்

புதிய இலச்சினைக்கான பணி 1999இல் தொடங்கியது. கலை, பண்பாட்டுத் துறை பொதுமக்களிடம் கருத்துகளைக் கேட்டது. அவற்றின் அடிப்படையில் வடிவமைப்பாளர்களுக்குக் குறிப்பு தரப்பட்டது. இறுதியில் இயான் பெக்கர் என்பவரின் வடிவத்தை அமைச்சரவை ஏற்றது.

அவ்வடிவம் ஒன்றன்மேல் ஒன்றான இரண்டு நீள்வட்டங்களாக அமைந்தது. கீழ்வட்டம் அடித்தளம், மேல்வட்டம் எழுச்சி. இரண்டும் சேர்ந்து முடிவின்மையின் குறியாகின்றன என்பது அரசு தரும் விளக்கம். கீழ்வட்டத்தில் நாடாவின் நுனிகளிலிருந்து யானைத் தந்தங்கள் மேல்நோக்கி வளைகின்றன. அவை அறிவு, வலிமை, நிதானம், நிலைபேறு. அவற்றுக்குள் வளத்தைக் குறிக்கும் கோதுமைக் கதிர்கள். நடுவில் முரசின் சாயல் கொண்ட பொன்னிறக் கேடயம். மேல்வட்டத்தில் சிறகுயர்த்திய செக்ரட்டரி பறவை. அதன் மார்பில் புரோட்டியா மலர். தலைக்கு மேல் ஏழு கதிர்களோடு உதிக்கும் சூரியன்.

இவ்விளக்கங்களில் பல எந்த நாட்டு இலச்சினைக்கும் பொருந்தக்கூடியவை. சூரியன் மறுபிறப்பைக் குறிப்பதும் கதிர் வளத்தைக் குறிப்பதும் புதிய செய்தி தரவில்லை. ஆயினும் இரண்டு இடங்களில் இவ்வடிவம் பழைய மரபிலிருந்து உண்மையாகவே விலகுகிறது.

முதலாவது, ஆயுதங்களின் கிடை. கேடயத்துக்கும் பறவைக்கும் இடையே ஓர் ஈட்டியும், முனையில் குமிழ் வைத்த ஒரு தடியும் குறுக்காகக் கிடக்கின்றன. தரையில் நடந்து, பாம்பை உதைத்துக் கொன்று தின்னும் அந்தப் பறவையின் கால்களாகவும் அவையே வரையப்பட்டுள்ளன. படுத்திருக்கும் ஆயுதம் சமாதானத்தின் அடையாளம் என்கிறது அரசு. அதே ஆயுதம் நாட்டைக் காக்கும் காலாகவும் இருக்கிறது. ஆயுதப் போராட்டம் நடத்திய ஓர் இயக்கம் பேச்சுவார்த்தையின் வழியே ஆட்சிக்கு வந்த வரலாற்றை இதைவிடச் சுருக்கமாக வரைவது கடினம்.

இரண்டாவது, கேடயத்தின் நடுவில் மனிதர்கள் வந்திருப்பது. காவி மண்ணின் செந்நிறத்தில் இரு உருவங்கள் எதிரெதிராக நின்று கை பற்றியிருக்கின்றன. தொண்ணூறு ஆண்டுகளாக வெற்றிடமாக இருந்த இடத்தில் இப்போது நிற்பவர்கள் சான் மக்கள்.

4. கல்லிலிருந்து கேடயத்துக்கு

அந்த உருவங்களின் மூலம் லின்டன் கல் எனப்படும் பாறை ஓவியம். கிழக்கு முனை மாநிலத்தின் மலைப்பகுதியில், மக்லியர் என்ற ஊருக்கு அருகிலிருந்த லின்டன் என்னும் பண்ணையில் ஒரு பாறைக் குடைவில் அது இருந்தது. 1917இல் பாறையிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டுக் கேப் டவுன் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. பாறை ஓவியத்தைப் பெயர்ப்பது என்றாலே, அது நின்ற மலையிலிருந்தும், சுற்றியிருந்த ஓவியத் தொடரிலிருந்தும், அதைப் பார்த்து வாழ்ந்தவர்களிடமிருந்தும் அறுத்தெடுப்பதுதான்.

சான் ஓவியங்களை அன்றாட வேட்டையின் பதிவுகள் என்றே அறிஞர்கள் நெடுங்காலம் கருதினார்கள். டேவிட் லூயிஸ்-வில்லியம்ஸ் 1981இல் வெளியிட்ட நூலிலும், லின்டன் கல்லைப் பற்றியே 1988இல் வெளியிட்ட ஆய்விலும் இந்தப் பார்வையை மாற்றினார். குணப்படுத்தும் ஆட்டத்தின்போது ஆடுபவருக்கு வரும் சன்னத நிலை, அதில் அவர் உணரும் ஆற்றல், ஆவியுலகப் பயணம் ஆகியவையே இவ்வோவியங்களின் பொருள் என்று அவர் வாதிட்டார். எல்லா ஓவியங்களையும் சன்னதத்துக்குள் அடக்கிவிட முடியுமா என்ற விவாதம் இன்றும் தொடர்கிறது. ஆனால் இவை வெறும் வேட்டைக் காட்சிகள் என்ற பழைய எண்ணத்துக்கு இனித் திரும்ப முடியாது.

கேடயத்துக்கு வந்தபோது அவ்வோவியம் மாற்றம் அடைந்தது. கேடயத்து உருவங்களுக்கு மூலமாகக் கல்லில் இருப்பது ஒரே உருவம். வடிவமைப்பாளர் அதைக் கண்ணாடிப் பிம்பம்போல் இரட்டித்து, எதிரெதிரே நிறுத்தி, கைகளைக் கோத்தார். சன்னதத்தின் ஆற்றலோடு மறுவுலகை நோக்கி நின்ற தனி மனிதர், அரசின் கேடயத்தில் தன்னைத் தானே வணங்கி வரவேற்கும் இருவரானார். தனிமனிதர் சமூகத்தோடு கலப்பதை இது குறிக்கிறது என்பது அரசின் விளக்கம். சன்னத ஆட்டமும் தனியாளின் காரியமன்று. பாடிக் கைதட்டும் கூட்டம் இல்லாமல் அது நிகழாது. அவ்வகையில் அரசின் விளக்கம் மூலத்துக்கு முற்றிலும் அந்நியமானதும் அன்று. இருப்பினும் ஒரு முரண் தங்கிவிடுகிறது. ‘வேறுபட்ட மக்கள்’ கூடுவதாக வாசகம் சொல்கிறது. மேலே கை கோத்து நிற்கும் இருவரோ வேறுபட்டவர்கள் அல்லர். அச்சு அசலாய் ஒருவரே.

இன்னொரு செய்தியையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்தக் கல்லைப் பாதுகாத்த அதே அருங்காட்சியகம், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உயிரோடிருந்த சான் மக்களின் உடல்மீது சாந்து பூசி அச்செடுத்து உருவங்கள் வார்த்தது. பிற்காலத்தில் அவ்வுருவங்கள் ஒரு வேட்டைக் குடியிருப்புக் காட்சியாக, விலங்குகளும் புதைபடிவங்களும் வைக்கப்பட்ட இயற்கை வரலாற்றுக் கூடத்தில் நிறுத்தப்பட்டன. அக்காட்சி மூடப்பட்டது 2001 ஏப்ரலில். புதிய இலச்சினை வெளியான பின்னும் ஓராண்டுக் காலம், கேடயத்தில் தேசத்தின் முன்னோராக நின்றவர்கள் அருங்காட்சியகத்தில் விலங்குகளின் அண்டை வீட்டாராகவே நின்றிருந்தார்கள்.

5. நான்கு சொற்கள்

வாசகத்தைத் தமிழில் எழுத முயன்றால் ‘கே ஏ ஃகர்ரா கே’ என்று வரும். இந்த எழுத்துப்பெயர்ப்பு எவ்வளவு குறைபட்டது என்பதே ஒரு பாடம். நம் எழுத்தில் முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் ஒன்றாகத் தெரிகின்றன. மூலத்தில் அவை வெவ்வேறு. முதல் ‘கே’வின் முன்னால், நாநுனியை மேலண்ணத்தில் ஒட்டிச் சட்டெனக் கீழே இழுக்கும்போது எழும் சொடுக்கொலி உண்டு; அதோடு சேர்ந்தால் ‘மக்கள்’. கடைசிக் ‘கே’வின் முன்னால் வருவது கடைவாய்ப் பக்கம் எழும் சொடுக்கொலி, வண்டி மாட்டை முடுக்குபவர் வாயோரத்தில் எழுப்பும் ஓசை போன்றது, அதோடு சேர்ந்தால் ‘ஒன்றுகூடு’. இடையிலுள்ள ‘ஏ’ முன்னும் பின்னும் இணைக்கும் சொல். ‘ஃகர்ரா’ என்றால் ‘வேறான’. அதன் முன்னால் வருவது, இரக்கம் மிகும்போதோ சலிப்பு வரும்போதோ நாம் உச்சுக் கொட்டுகிறோமே, அதே ஒலி. மக்கள், கூடுதல் என்ற இரு கருத்துகளையும் பிரிப்பது ஒரு சொடுக்கொலி மட்டுமே. இலச்சினையில் அச்சொலிகள் ஆச்சரியக்குறியாகவும் சாய்கோடுகளாகவும் எழுதப்பட்டுள்ளன. அறியாதவர் கண்ணுக்கு அவை நிறுத்தற்குறிகள். அறிந்தவருக்கு அவையே மெய்யெழுத்துகள்.

இந்தக் குறியீடுகளும் சொற்களும் நமக்குக் கிடைத்த வழி ஒரு சிறைச்சாலையிலிருந்து தொடங்குகிறது. 1870இல், கேப் டவுன் துறைமுகத்தின் அலைதாங்கிச் சுவரைக் கட்டும் பணியில் குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டிருந்தார்கள். அவர்களில் கால்நடை திருடியதற்காகத் தண்டிக்கப்பட்ட ஃகாம் மனிதர்களும் இருந்தனர். வேட்டைவெளிகள் குடியேறிகளின் மேய்ச்சல் நிலங்களாகிவிட்ட காலத்தில் ‘திருட்டு’ என்ற சொல்லை எச்சரிக்கையோடுதான் வாசிக்க வேண்டும். ஜெர்மானிய மொழியறிஞர் வில்ஹெல்ம் பிளீக், அரசின் அனுமதியோடு அவர்களில் சிலரை மவ்பிரேயிலிருந்த தன் வீட்டில் தங்கவைத்தார். அவரும் அவர் மனைவியின் சகோதரி லூசி லாயிடும் அவர்களிடம் மொழி கற்று, கதைகளையும் நம்பிக்கைகளையும் சொல்லச் சொல்ல எழுதினார்கள். 1875இல் பிளீக் இறந்த பின்னும் லாயிட் தொடர்ந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட குறிப்பேடுகளில் ஏறத்தாழ 12,000 பக்கங்கள் சேர்ந்தன. 1997இல் யுனெஸ்கோ அத்தொகுப்பை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

அவர்களுக்குச் சொன்னவர்களுள் முதன்மையானவர் கப்போ. சொடுக்கொலியோடு தொடங்கும் அப்பெயருக்குக் ‘கனவு’ என்று பொருள். தண்டனைக் காலம் முடிந்த பின்னும் கற்பிப்பதற்காகத் தங்கிய முதியவர் அவர். தம் மக்களின் கதைகள் புத்தகங்களின் வழியே அறியப்படும் என்ற எண்ணம் அவருக்கு மகிழ்ச்சி தந்ததாக லாயிட் பதிந்திருக்கிறார். 1873இல் ஊர் திரும்பினார், 1876இல் இறந்தார். லாயிட் தொகுத்த நூல் லண்டனில் வெளிவந்தது 1911இல். பிளீக்கின் மகள் டொரோத்தியா அதையொட்டிய ஆண்டுகளில் கரூவுக்குச் சென்றபோது அம்மொழி அறிந்த ஒருசிலரையே காண முடிந்தது. அவர் வாழ்நாளெல்லாம் தொகுத்த அகராதி, அவர் இறந்தபின் 1956இல் வெளியானது.

2000ஆம் ஆண்டின் வாசகம் இந்தத் தொகுப்பிலிருந்தே கட்டப்பட்டது. அரசு கேட்டுக்கொண்டதன் பேரில் லூயிஸ்-வில்லியம்ஸ் அதை உருவாக்கித் தந்தார். ஆகவே இது கப்போவோ வேறு யாரோ சொன்ன தொடர் அன்று. மொழி மறைந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின், அதன் சொற்களைக்கொண்டு அம்மொழியைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஒருவர் அமைத்த புதிய தொடர். மானிடவியலாளர் ஆலன் பர்னார்ட் ஒரு கட்டுரையில் இத்தொடரின் இலக்கணத்தையும் பொருளையும் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். இந்தத் தொடர் சரிதானா என்று கேட்டால் தலையசைக்கவோ மறுக்கவோ உரிமையுள்ள தாய்மொழியாளர் இல்லை என்ற உண்மையை அத்தகைய எந்த ஆய்வும் கடந்துவிட முடியாது.

6. எதிரெதிரான வாசிப்புகள்

இத்தேர்வை ஆதரிப்போரின் முதல் வாதம் நடுநிலை. 1996இன் அரசியல் சட்டம் பதினொரு மொழிகளை ஆட்சிமொழிகளாக ஏற்றது. அவற்றில் எதைத் தேர்ந்தாலும் மற்ற பத்தும் கீழே இறங்கும். லத்தீனோ பழைய இலச்சினையின் மொழி. யாருக்கும் சொந்தமில்லாத மொழியில் எழுதினால் எல்லோருக்கும் சமமாகத் தூரமாக இருக்கும். இதே சிக்கலை நாட்டுப்பண் வேறு விதமாகத் தீர்த்தது. 1997இல் வடிவம் பெற்ற அப்பாடலில் சோசா, சூலு, செசோத்தோ, ஆஃப்ரிகான்ஸ், ஆங்கிலம் என ஐந்து மொழிகள் அடுத்தடுத்து வருகின்றன. பண், மொழிகளைப் பெருக்கித் தீர்வு கண்டது. இலச்சினை, வாழும் மொழிகளைத் தவிர்த்துத் தீர்வு கண்டது.

இரண்டாவது வாதம் நினைவு. விழா உரையில் எம்பெக்கி, இம்மொழி பேசுவார் எவருமின்றி அழிந்துபோனதை மறைக்கவில்லை. மனிதர் மனிதருக்கு இழைத்த கொடுமையால் மக்கள் கூட்டங்களே இல்லாமற்போன துயரத்தை இத்தேர்வு உணர்த்துகிறது என்றே சொன்னார். மனிதகுலத்தின் தொட்டிலாகிய ஆப்பிரிக்காவுக்குச் செலுத்தும் மரியாதையாகவும் அதை முன்வைத்தார். ஓர் அரசு தன் இலச்சினையின் வழியே ஓர் இன அழிப்பை ஒப்புக்கொள்வது அரிது. அந்த நேர்மைக்கு உரிய மதிப்பைத் தந்தே ஆக வேண்டும்.

எதிர்வாதங்களும் வலுவானவை. முதலாவது, அந்த நடுநிலை எப்படிக் கிடைத்தது என்பது. 1774இல் முனைக் குடியேற்றத்தின் எல்லையில் திரட்டப்பட்ட பெரும் படை ஒரே சுற்றில் ஐநூறுக்கு மேற்பட்ட சான் மக்களைக் கொன்றது. பெண்களும் குழந்தைகளும் சிறைப்பிடிக்கப்பட்டுப் பண்ணைகளில் பங்கிடப்பட்டார்கள். 1863இல் லூயிஸ் ஆந்திங் என்ற நீதித்துறை அதிகாரி, கரூவின் வடபகுதியில் ஃகாம் மக்கள் வேட்டையாடப்படுவதை அறிக்கையாகவே எழுதி அரசிடம் தந்தார், அரசு அசையவில்லை. ஃகாம் மொழிக்கு உரிமையாளர் இல்லாமற்போனது இயற்கையின் செயலன்று. நடுநிலை என்று இன்று போற்றப்படும் பண்பு, அன்றைய கொலைகளின் விளைவு. இந்த வாதத்துக்கு எனக்கு மறுப்பில்லை. இதை ஏற்றுக்கொண்டுதான் அடுத்த அடியை வைக்க முடியும்.

இரண்டாவது, ஓவியமும் வாசகமும் ஒரே மக்களுடையவை அல்ல. லின்டன் கல் கிழக்கே மலைத்தொடரின் அடிவாரத்திலிருந்து வந்தது. ஃகாம் மக்கள் அங்கிருந்து பலநூறு கிலோமீட்டர் மேற்கே வாழ்ந்தவர்கள். அவர்கள் வெவ்வேறு சமூகங்கள். மலையில் ஓவியம் தீட்டியவர்களின் மொழி ஃகாம் அன்று. 1874இல் ஜோசப் ஓர்பென் தன் சான் வழிகாட்டியிடம் கேட்டு வெளியிட்ட மலைநாட்டுக் கதைகளையும் ஓவியப் படிகளையும் பிளீக் ஃகாம் மரபோடு ஒப்பிட்டு நெருங்கிய உறவைக் கண்டார் என்பது உண்மை. ஆயினும் உறவு வேறு, ஒன்றாதல் வேறு. பன்மையைப் போற்றுவதற்காக வரையப்பட்ட இலச்சினை, சான் மக்களுக்குள்ளிருந்த பன்மையை அழித்துவிடுகிறது.

மூன்றாவது வாதம், அம்மக்கள் முற்றிலும் மறைந்துவிட்டார்கள் என்ற எண்ணத்தையே இலச்சினை உறுதிப்படுத்துகிறது என்பது. இதற்கு எதிரான சான்று நாட்டின் நாவிலேயே இருக்கிறது. வாசகத்திலுள்ள மூவகைச் சொடுக்கொலிகளும் சோசா, சூலு ஆகிய மொழிகளில் அன்றாடம் புழங்குகின்றன. பாந்து மொழிக் குடும்பத்தின் மற்றப் பெரும்பாலான மொழிகளில் இல்லாத அவ்வொலிகள், சான், கொய்கொய் மக்களோடு தலைமுறை தலைமுறையாக மணஉறவும் அண்டைவாழ்வும் கொண்டதால் இம்மொழிகளுக்குள் வந்தவை. சோசா என்ற பெயரே வாயோரச் சொடுக்கொலியோடுதான் தொடங்குகிறது. நாட்டின் மிகப் பெரிய இரு தாய்மொழிகளைப் பேசும் கோடிக்கணக்கானோர், ஃகாம் சொற்களின் பொருள் அறியாமலே அவற்றின் ஒலிகளை எழுப்பிக்கொண்டிருக்கிறார்கள். வடக்கு முனை மாநிலத்தில் ஆஃப்ரிகான்ஸ் பேசும் பல குடும்பங்களின் முன்னோர் ஃகாம் மக்களே. அழிந்தது மொழி, அதைப் பேசியவர்களின் வழிவந்தோர் அழியவில்லை. பச்சை நாடா இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை.

7. உயிருள்ள நாவிலிருந்து வந்த வாசகம்

வேறு வழி இருந்ததா? இருந்தது என்பதற்கு அந்நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஃகாம் மக்கள் வாழ்ந்த நிலப்பரப்பின் பெரும்பகுதி இன்று வடக்கு முனை மாநிலத்தில் அடங்குகிறது. 1997இல் அம்மாநிலம் தன் இலச்சினைக்கு வாசகம் தேடியபோது, ரீட்ஃபொன்டெய்னில் வாழ்ந்த எல்சி வால்பூய் என்ற மூதாட்டியிடம் கேட்டது. ஃகாமின் உறவுமொழியும், அழிந்துவிட்டதாகவே கருதப்பட்டிருந்ததுமான நூ மொழியைப் பேசத் தெரிந்த மிகச் சிலருள் அவர் ஒருவர். மேலான வாழ்வை நோக்கிச் செல்கிறோம் என்ற பொருளில் அவர் தந்த தொடரே மாநிலத்தின் வாசகம் ஆயிற்று.

இரண்டு வாசகங்களும் சான் மொழிகளில் அமைந்தவை. ஆனால் ஒன்று அகராதியிலிருந்து எடுத்துக் கட்டப்பட்டது. மற்றது ஒருவரிடம் கேட்டுப் பெறப்பட்டது. கேட்பதற்கு ஒரு விளைவு உண்டு. கேட்கப்படுபவர் உயிரோடிருக்கிறார் என்பதை அது ஒப்புக்கொள்கிறது. அவர் மறுக்கலாம், திருத்தலாம், பதிலுக்கு ஒன்றைக் கேட்கலாம். பிற்காலத்தில் நூ மொழியைச் சரளமாகப் பேசும் கடைசி மனிதராக அறியப்பட்ட கத்ரீனா இசாவ், அப்பிங்டனில் குழந்தைகளுக்கு அம்மொழியைக் கற்பித்தார். 2014இல் அரசு அவருக்கு உயர் விருது அளித்தது. 2021இல் அவர் சொன்ன கதை நூ மொழியில் சிறுவர் நூலாக வந்தது. ஒரு மொழியைக் கல்வெட்டாக்குவதற்கும் அதைக் குழந்தையின் வாயில் வைப்பதற்கும் உள்ள தூரம் இங்கே தெரிகிறது.

8. சட்டத்தில் பெயரும் வீட்டில் பேச்சும்

இலச்சினையின் வாக்கை அளக்க ஓர் அளவுகோல் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. அதன் ஆறாம் பிரிவு ஆட்சிமொழிகளைப் பட்டியலிடுகிறது. 2023இல் சைகைமொழி பன்னிரண்டாவதாகச் சேர்ந்தது. கொய், நாமா, சான் மொழிகள் அப்பட்டியலில் இல்லை. அவற்றை வளர்ப்பதும் பயன்பாட்டுக்கு வழி செய்வதும் அனைத்துத் தென்னாப்பிரிக்க மொழிகள் வாரியத்தின் கடமை என்று மட்டும் அதே பிரிவு சொல்கிறது. இலச்சினையில் முதலிடம், ஆட்சிமொழிகளில் இடமின்மை: இந்த இடைவெளியே நம் கேள்வியின் மையம்.

அதே பிரிவில், மதித்துப் போற்ற வேண்டிய சமூக மொழிகளின் வரிசையில் தமிழும் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கிறது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனை அடைந்தது முதல் 1911 வரை ஏறத்தாழ 1,52,000 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக நட்டால் சென்றார்கள்; அவர்களில் தமிழர் பெருந்தொகையினர். அவர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும் கோயிலில் தமிழ் கேட்கிறார்கள், பெயரில் தமிழைச் சுமக்கிறார்கள். வீட்டில் பேசுவது பெரும்பாலும் ஆங்கிலம். ஃகாம் மொழிக்கு நேர்ந்ததோடு இதை ஒப்பிடுவது தகாது. தமிழ் வேறு நிலங்களில் கோடிக்கணக்கானோரின் பேச்சாக வாழ்கிறது. ஃகாமுக்கு வேறு நிலம் இல்லை. ஆனால் சட்டத்தில் பெயர் இருப்பதும் அடுக்களையில் பேச்சு இருப்பதும் வேறு வேறு என்பதை டர்பன் தமிழர் வாழ்வு நமக்குக் கண்கூடாகக் காட்டுகிறது. அதனால்தான் ஒரு மொழியைச் சின்னமாக்குவதை நாம் எளிதில் கொண்டாடிவிடக் கூடாது என்கிறேன்.

நிலத்திலும் உரிமையிலும் அரசின் கணக்கு கலவையானது. இலச்சினை வருவதற்கு ஓராண்டு முன், 1999 மார்ச்சில், கலஹாரியின் கோமானி சான் மக்களுக்கு நிலம் திருப்பித் தரும் உடன்பாடு கையெழுத்தானது. அது உண்மையான மீட்பு. கொய், சான் தலைமைகளுக்கு முதன்முறையாகச் சட்ட ஏற்பு தந்த 2019ஆம் ஆண்டுச் சட்டத்தையோ, 2023இல் அரசியல் சட்ட நீதிமன்றம் செல்லாது என அறிவித்தது. பொதுமக்களிடம் போதிய அளவு கருத்துக் கேட்கவில்லை என்பதே காரணம். அகராதியைக் கேட்டு மனிதரைக் கேட்காத அதே குறை, சட்டமியற்றலிலும் தொடர்ந்திருக்கிறது.

9. முடிவுரை

நினைவுகூரலா, கையகப்படுத்தலா என்ற கேள்விக்கு இலச்சினையை மட்டும் உற்றுப் பார்த்து விடை சொல்ல முடியாது. லின்டன் கல்லின் தனி உருவத்தை இரட்டித்ததும், இரு சமூகங்களை ஒன்றாக்கியதும், யாரையும் கேளாமல் தொடர் அமைத்ததும் கையகப்படுத்தலின் அடையாளங்கள். ஆப்பிரிக்க மனிதரே இல்லாத கேடயத்தில் சான் மனிதரை நடுவில் நிறுத்தியதும், மொழியழிவைத் தேசத்தின் முன் வெளிப்படையாகச் சொன்னதும் நினைவுகூரலின் அடையாளங்கள். இரண்டும் ஒரே சின்னத்தில் பிரிக்க முடியாமல் பின்னியிருக்கின்றன.

தமிழில் வாக்கு என்ற சொல் மூன்றைக் குறிக்கும்: பேச்சு, உறுதிமொழி, தேர்தலில் இடும் ஓட்டு. 1994 ஏப்ரல் 27இல் தென்னாப்பிரிக்கர்கள் பெற்றது மூன்றாவது வாக்கு. 2000 ஏப்ரல் 27இல் அவர்களின் அரசு தன் முத்திரையில் பொறித்தது முதலாவது வாக்கு, அதுவும் பேசுவாரற்ற மொழியில். அது உறுதிமொழியாகவும் ஆகுமா என்பது முத்திரையில் இல்லை. பள்ளியில் ஒரு குழந்தைக்கு நூ மொழி கற்பிக்க ஊதியம் ஒதுக்கும் ஆணையில் இருக்கிறது. சட்டம் இயற்றுவதற்கு முன் கரூவின் ஊர்களில் நடத்த வேண்டிய கூட்டங்களில் இருக்கிறது. அந்த ஆணைகளும் கூட்ட அறிவிப்புகளும் அச்சாகும் ஒவ்வொரு அரசுத் தாளின் தலைப்பிலும் அந்த நான்கு சொற்கள் நின்றுகொண்டிருக்கும்.